கண்ணளவில் ஓடும் சேலைன்

1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். சேலைன் ஓடும் குழாய் செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி? தாதியர் பயிற்சியில் இருக்கும் எந்தப் பிள்ளையை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் 42 என்று சொல்லும். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67 வரும், 42 என்று எடுக்க வேண்டியதுதான். தாளில் முழுப்புள்ளி. அதே பிள்ளை மறுநாள் வாட்டில் சேலைன் மாட்டும்போது, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை இரண்டு உருட்டு உருட்டி, துளி விழுவதைக் கண்ணளவில் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும்.

ஓட்டத்தைத் தானே அளந்து செலுத்தும் பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் இல்லாத வாட்டில் இது சின்ன விஷயமில்லை. நோயாளி கையை மடக்கினாலே ஓட்டம் மாறும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான ஒருவருக்கு வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

கொழும்பில் தாதிய மாணவருக்குப் படிப்பிப்பது என் தொழில். இந்த நோய்க்கு நான் செய்த முதல் வைத்தியம், இன்னும் இருபது கணக்கு செய்யச் சொன்னது. திரும்பத் திரும்பச் செய்யவைத்துப் பழக்குவதே கற்றல் என்னும் நடத்தைவாதத்தை நானே அரைமணி நேரம் விமர்சித்துப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் கையில் பிரச்சினை வந்ததும் என்னிடமிருந்து வெளிவந்தது பயிற்சி, பயிற்சி, மேலும் பயிற்சி. தாளில் புள்ளி கூடியது. வாட்டில் ஒன்றும் மாறவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு கோபம். கற்றல் கோட்பாடுகளை நாங்கள் படிப்பிக்கும் விதமே அந்தக் கோட்பாடுகளுக்கு எதிரானது. கற்பவர் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறார் என்னும் கட்டுருவாக்கவாதத்தை ஸ்லைட் பார்த்து வாசித்து, அதை அப்படியே எழுதச் சொல்லிப் புள்ளி போடுகிறோம். வளர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தோடுதான் கற்க வருகிறார்கள் என்று வளர்ந்தோர் கல்வி அறிஞர் மல்கம் நோல்ஸ் சொன்னதை, வருகிற பிள்ளைகளின் அனுபவத்தை ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லி முடிக்கிறோம்.

சரி, வாட்டுக்கு வருவோம். இரண்டாவது முறை கணக்கை விட்டுவிட்டு, குறிப்புப் புத்தகத்தோடு ஒரு மூலையில் நின்று பார்த்தேன். முப்பது வருடம் வேலை செய்த சிஸ்டர் ஒருவர் உருளையைத் திருப்புகிறார், ஒரு பார்வை, போய்விடுகிறார். நான் போய் எண்ணிப் பார்த்தால் 41, 43 என்று நிற்கிறது. தாதியத் துறை அறிஞர் பற்றீசியா பென்னர் 1984இல் எழுதியது இதைத்தான். தாதியர் புதியவர் நிலையில் தொடங்கி ஐந்து படிகளில் நிபுணர் ஆகிறார்கள். புதியவருக்கு விதி வேண்டும், நிபுணருக்கு விதி உடம்பிலேயே இறங்கியிருக்கும். எங்கள் பிள்ளைகள் பார்ப்பது அந்தக் கடைசிப் படியை மட்டும். எண்ணிய முப்பது வருடம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, எண்ணாத ஒரு விநாடிதான் தெரியும். பார்த்தே கற்கிறோம் என்று உளவியலாளர் பந்துரா சொன்னது வாட்டில் நன்றாகவே வேலை செய்கிறது, எங்களுக்கு எதிராக.

பிள்ளைக்குத் தெரியாது என்று திட்டுவதில் பயனில்லை. 1990இல் ஜோர்ஜ் மில்லர் மருத்துவக் கல்விக்கென வரைந்த பிரமிட்டில் தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், உண்மையில் செய்கிறார் என்று நாலு தட்டு. எழுத்துப் பரீட்சை கீழ்த் தட்டுகளில் நின்றுவிடுகிறது. பரீட்சகர் முன் செய்து காட்டும் ஓஸ்கி (OSCE) பரீட்சை மூன்றாவது தட்டு. பரீட்சகர் பார்க்கிறார் என்று தெரிந்தால் எல்லோரும் எண்ணுவார்கள். நாலாவது தட்டு யாரும் பார்க்காத காலை ஆறரை மணிக்கு நடக்கிறது.

அதற்குத்தான் செயல்நிலை ஆய்வு வேண்டும் என்கிறேன். உளவியலாளர் கேர்ட் லெவின் 1946இல் இந்தப் பெயரில் எழுதியபோது சொன்னது எளிமையானது: திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், திரும்பத் திட்டமிடு. ஆய்வாளர் வெளியே நிற்கும் ஆள் இல்லை, பிரச்சினைக்குள்ளேயே இருப்பவர். ஆனால் இங்கே அது பட்டத்துக்கான ஓர் அத்தியாயமாகிவிட்டது. முன்பரீட்சை, பின்பரீட்சை, நடுவில் ஒரு செயலமர்வு, புள்ளி கூடியது, பைண்ட் பண்ணிக் கொடுத்தாயிற்று. ஒரே சுற்று. தோற்றுப்போன சுற்றை எழுதிய அறிக்கை ஒன்றைக்கூட என் கையில் யாரும் தந்ததில்லை. என் முதல் சுற்று தோற்றதால்தான் வாட்டில் போய் நின்றேன்.

இன்னொரு சிக்கல் உண்டு. புள்ளி போடுபவரே ஆய்வும் செய்தால் பிள்ளை எப்படி உண்மை சொல்லும்? விருப்பமில்லை என்று எப்படிச் சொல்லும்? அதனால் வாட்டில் நடப்பதைப் பற்றிய குறிப்புகளைப் பிள்ளைகளைப் பெயரில்லாமல் எழுதச் சொன்னேன். புள்ளி கிடையாது; சேர்த்து வாங்கியதும் வேறொரு விரிவுரையாளர். அப்படியும் வந்தவை எல்லாம் ஒரே மாதிரி ஆங்கிலம், எங்கோ பார்த்து எழுதியது போல. அடுத்த தடவை தமிழிலோ சிங்களத்திலோ எப்படி வந்தாலும் எழுதுங்கள் என்றேன். அப்போதுதான் வாட்டு உள்ளே வந்தது. நின்று எண்ணினால் வேலை தெரியாத பிள்ளை என்று நினைப்பார்கள் என்று ஒன்று. நோயாளியின் மகன் முறைத்துப் பார்த்தார் என்று ஒன்று. 1860களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார் என்று மேடையில் பெருமைப்படுகிறோம், ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுத விட எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

அந்தக் குறிப்புகளுக்குள் ஒரு துண்டு. “புதன்கிழமை 7ஆம் கட்டிலில் மிஸ்ஸும் எண்ணவில்லை.”

உண்மைதான். அன்று அவசரம் ஒன்றும் இருக்கவில்லை, தேநீர் குடிக்கப் போகும் அவசரத்தைத் தவிர.

மூன்றாவது சுற்று அடுத்த மாதம். நான் சேலைன் மாட்டும்போது பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணிக் குறிப்பார். போன கிழமை புறக்கோட்டையில் சட்டையில் குத்தும் மணிக்கூடு ஒன்று வாங்கி வந்தேன், விநாடி முள் பெரிதாகத் தெரிகிறது.