என் மகளின் டப்பாவில் இருந்தது அவித்த கிழங்கு

என் மகள் கொண்டுபோன உருளைக்கிழங்கைக் குப்பை உணவு என்று பள்ளி திருப்பி அனுப்பிய டிபன் டப்பா விவகாரத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "உருளைக்கிழங்கு குப்பை உணவுதானே, பள்ளி சொன்னதில் என்ன தவறு?" என்று நேற்று இங்கேயே மூன்று பேர் கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அவள் கொண்டுபோனது மிளகுத்தூள் தூவிய அவித்த கிழங்கு. அதைத் திருப்பி அனுப்பியவர்கள், 'எண்ணெயில் பொரிக்காதது' என்று அச்சிட்ட சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கத்துக் குழந்தைக்கு அனுமதித்தார்கள்.

100 கிராம் அவித்த கிழங்கில் ஏறக்குறைய 87 கலோரி; கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். பொட்டாசியம் உண்டு, ஓரளவு வைட்டமின் சி-யும் உண்டு. அதே கிழங்கைச் சீவிப் பொரித்தால், எடையில் முக்கால் பங்குக்கு மேல் இருந்த நீர் ஆவியாகி, எண்ணெய் உள்ளே புகுந்து, 100 கிராம் சிப்ஸில் 500 கலோரியைத் தாண்டிவிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. இதில் கிழங்கு செய்த குற்றம் என்ன?

என் அப்பா 22 ஆண்டுகள் ஒரு சிப்ஸ் கடையின் அடுப்படியில் நின்றவர். சீவிய வில்லைகளை அலசி, துணியில் உலர்த்தி, வாணலியில் சலசலப்பு அடங்கும் நேரம் பார்த்து அரிகரண்டியால் அள்ளுவார்; கருக விடவே மாட்டார். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் பொரித்தாலோ சுட்டாலோ, புற்றுநோய் தரக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்று ஸ்வீடனில் 2002இல் அறிவித்தது அவருக்குத் தெரியாது. ஆனால், பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்ததை அவர் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. எங்களுக்கு வீட்டில் அவித்த கிழங்குதான். அதைத்தான் நான் என் மகளுக்கும் கொடுத்தேன்.

சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிட வேண்டும் என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன்; ஆனால், ஓடியாடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பொரிக்காத பாக்கெட்டில் கொழுப்பு குறைவு என்கிறீர்களா? அதுவும் உண்மைதான். ஆனால், பின்பக்கத்தில் உள்ள சோடிய அளவை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், உப்பின் அளவு தெரியும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சிப்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த அடுப்புதான் எங்களுக்குச் சோறு போட்டது. அவித்த கிழங்கையும் சிப்ஸையும் ஒன்றென்று சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நேற்று இரவு என் மகள் தட்டிலிருந்த கிழங்கை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "மிஸ் திட்டுவாங்கம்மா" என்றாள். அந்த மூன்று பேரும் அவளுக்கு ஒரு பதில் சொல்லட்டும்.