தரையிறக்கத்தைக் கைவிட அனுமதி வேண்டுமா?

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதித்தால்தான் விமானி தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலேற முடியும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை, நண்பரே. மேலேறும்படி கட்டுப்பாட்டாளரும் உத்தரவிடலாம். ஆனால் ஆபத்து தெரிந்தால் விமானி யாரையும் கேட்காமல் மேலேறிவிட்டுப் பிறகு தெரிவித்தால் போதும். 100 அடி உயரத்தில் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா 759, ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் நின்றிருந்த இணைப்புப் பாதையை (விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் பாதை) நோக்கி இறங்கியது. விமானிகள் மேலேறத் தொடங்கிய பிறகுதான் கட்டுப்பாட்டாளரின் உத்தரவு வந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் இறுதி அறிக்கையில் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது. அதன் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். விதியே வேண்டுமென்றால், அமெரிக்க விமான விதி 91.3-ன் முதல் வரி: விமானத்தை இயக்குவதில் இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கே.