ரசிகருக்கு ‘விசிறி’ என்ற பெயர் அரண்மனையிலிருந்து வரவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறக் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: அரசர்களுக்கு விசிறி வீசிய பணியாட்களே முதல் ‘ஃபேன்’கள், அதனால்தான் ரசிகரை விசிறி என்கிறோமாம். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை இல்லை.

ரசிகரைக் குறிக்கும் ‘ஃபேன்’, வெறியர் எனப் பொருள்படும் ‘ஃபனாட்டிக்’ என்பதன் சுருக்கம் என்றே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேஸ்பால் ஆதரவாளர்களைக் குறித்து அது பரவியது. அதன் லத்தீன் வேர் ‘ஃபானும்’, அதாவது கோயில். தெய்வ ஆவேசம் கொண்டவரே பழைய ‘ஃபனாட்டிகுஸ்’. தைப்பூசத்தில் அருள் வந்து ஆடுபவர்களைப் பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

காற்று வீசும் ‘ஃபேன்’ வேறு குடும்பம். அதன் வேரான ‘வன்னுஸ்’ தானியம் புடைக்கும் முறத்தைக் குறித்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் இணைத்து மொழிபெயர்த்ததுதான் தமிழ் ‘விசிறி’.