கிராஃப்டிங் ஆணையத்தின் உயர் பதவிகளில் யார் உட்கார வேண்டும்?

ஸ்காட்லாந்தில் கிராஃப்ட் எனப்படும் சிறு விவசாய நிலங்களை ஒழுங்குபடுத்தும் கிராஃப்டிங் ஆணையத்துக்குத் தலைமை நிர்வாகியையும் இயக்குநர்களையும் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய தகுதி ஒன்றுதான். வாரியத்தில் இருப்பவர், அதாவது ஆணையர், எவ்வளவு செல்வாக்குள்ளவராக இருந்தாலும், "இது அலுவலகம் முடிவு செய்ய வேண்டிய கோப்பு, நீங்கள் தலையிடக் கூடாது" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிய வேண்டும். மற்ற திறமைகளெல்லாம் இதற்கு அடுத்துதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கிராஃப்ட் என்பது ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் உள்ள சிறு விவசாய நிலம். பெரும்பாலும் குத்தகை நிலம்தான். கூடவே ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் பங்கும் உண்டு. அதை வைத்திருப்பவர் கிராஃப்டர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆட்டுப் பண்ணைகளுக்காக அங்கே குடும்பம் குடும்பமாக மக்களை வெளியேற்றினார்கள். 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதியில் மக்கள் போலீஸை எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டு நேப்பியர் விசாரணைக் குழு அமைந்தது. 1886இல் வந்த சட்டம் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, வாடகை நியாயமாக இருக்க வேண்டும், குத்தகை உரிமையைக் குடும்பத்துக்கு விட்டுச் செல்லலாம் என்றெல்லாம் உறுதி செய்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் முதல் ஆணையம் உருவானது. இப்போதுள்ள ஆணையத்தின் வேர் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2012இல் அதற்கு இன்றைய பெயரும், தேர்தலில் வந்த ஆணையர்களும் கிடைத்தார்கள். ஆறு பேரைக் கிராஃப்டர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று பேரை அரசு நியமிக்கிறது.

இன்வர்னஸ் நகரிலிருந்து இயங்கும் இந்த அலுவலகத்தின் கையில் 20,000க்கும் மேற்பட்ட கிராஃப்ட்கள் இருக்கின்றன. குத்தகையை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும், உள்குத்தகைக்கு விடவும், நிலத்தைப் பிரிக்கவும், வீடு கட்டுவதற்காக ஒரு துண்டைக் கிராஃப்டிங் சட்டத்திலிருந்து விடுவிக்கவும் பொதுவாக இங்கேதான் அனுமதி கேட்க வேண்டும். ஒரு விண்ணப்பம் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு இளம் தம்பதி வீட்டுக்கடனைத் தள்ளிப்போடுகிறார்கள், வயதான ஒருவர் நிலத்தைக் கைமாற்ற முடியாமல் காத்திருக்கிறார். இந்தத் தாமதத்துக்குக் கடைநிலை ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை பேரை எந்த வேலையில் போடுவது, எந்தக் கோப்பை அதிகாரியே முடிக்கலாம், எது ஆணையர்கள் வரை போக வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சரியாக ஓட வைப்பது மேலே இருப்பவர்களின் பொறுப்பு.

வாரியத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே உள்ள கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆணையத்தின் சொந்த வரலாறே சாட்சி. 2016இல் சில ஊர்களின் மேய்ச்சல் குழுக்களை, அதாவது பொது மேய்ச்சல் நிலத்தை நிர்வகிக்கும் குழுக்களை, ஆணையம் பதவியிலிருந்து நீக்கியது. அவற்றில் இரண்டு லூயிஸ் தீவைச் சேர்ந்தவை. அந்தத் தகராறு ஆணையத்தையே இரண்டாகப் பிளந்தது. கடைசியில் பாதிக்கப்பட்ட ஊர்களிடம் ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகும் பாடம் முழுதாகப் படியவில்லை. 2021 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் தலைமைத் தணிக்கையாளர் ஆணையத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. தலைமையிலும் நிர்வாகத்திலும் குறைகள், வாரியத்துக்கும் தலைமை நிர்வாகிக்கும் இடையே யார் எதைச் செய்வது என்ற தெளிவின்மை, அன்றாட வேலைகளில் வாரியத்தின் தலையீடு. இவைதான் அதில் சொல்லப்பட்டவை. இத்தனை சிறிய அமைப்பில் இப்படி நடந்தது என்னை உண்மையிலேயே வருத்தியது.

தேர்தலில் வந்த ஆணையர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிராஃப்டர்கள் தங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்குத் தாங்களே வாக்களிப்பது அருமையான ஏற்பாடு, அதை யாரும் தொடக் கூடாது. ஆனால் வாக்களித்தவர் ஒருவர் தன் கோப்பைப் பற்றித் தன் பகுதி ஆணையரிடம் முறையிடுவது இயல்பு. அந்த ஆணையருக்கு உதவத் தோன்றுவதும் இயல்பு. அந்த இடத்தில்தான் தலைமை நிர்வாகி குறுக்கே நிற்க வேண்டும். பொதுப் பணத்துக்கு நாடாளுமன்றத்திடம் பதில் சொல்லும் கணக்குப் பொறுப்பு அதிகாரியும் அவர்தான். நல்ல பெயர் போய்விடுமோ என்று அஞ்சுபவரால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

சரி, அப்படியானால் பெரிய நிறுவனத்தில் மேலாண்மை செய்த யாரையாவது கொண்டுவந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கிராஃப்டர் தன் நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும், நிலத்தைப் பயிரிட வேண்டும் அல்லது வேறு பயனுள்ள வேலைக்குப் பயன்படுத்த வேண்டும், பாழடைய விடக் கூடாது என்பவை சட்டம் சொல்லும் கடமைகள். ஆண்டுதோறும் ஆணையம் அனுப்பும் படிவத்தில் இதையெல்லாம் அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆக, யார் அங்கே இல்லை என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் கடினம். உடல்நலம் சரியில்லாமல் போனவரையும், விலை ஏறட்டும் என்று நிலத்தைப் பூட்டி வைத்திருப்பவரையும் ஒரே மாதிரி நடத்தினால் அது அநியாயம். இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் விட்டால், நிலம் தேடி அலையும் இளைஞர்களுக்குச் செய்யும் துரோகம். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் தீவுகளுக்குப் போய்ப் பழகியிருக்க வேண்டும், மேய்ச்சல் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அந்தப் பகுதிகளின் பழைய மொழியான கேலிக் தெரிந்தால் இன்னும் நல்லது.

கிராஃப்டிங் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. சட்டம் எளிமையாவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் எந்தத் திருத்தமும் தானாகக் கோப்பை நகர்த்தாது. ஆகவே இந்தப் பதவிகளுக்கு ஆள் எடுக்கும்போது இரண்டு நிபந்தனைகளை வெளிப்படையாக வைக்க வேண்டும். ஒவ்வொரு வகை விண்ணப்பமும் எத்தனை வாரம் காத்திருக்கிறது என்பதை இயக்குநர் தன் பெயரில் மாதாமாதம் வெளியிட வேண்டும். தனிப்பட்ட கோப்பு பற்றி ஆணையர் யார் அலுவலகத்தைத் தொடர்பு கொண்டாலும் அது பதிவேட்டில் ஏற வேண்டும். இவற்றுக்குச் சம்மதிக்கத் தயங்குபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவரை எடுக்க வேண்டாம்.