பத்து வீதமாம்

ஞாயிற்றுக்கிழமை மாங்குளத்தில் நடந்த கதை இதற்குள் எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கும். ஊர்ச் சங்கங்களுக்கு நான் நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதைப் பற்றி ஒருவர் கூட்டத்தில் எழும்பி, "வாற காசில் பத்து வீதம் எடுக்காமலா இவர் எழுதிக் குடுக்கிறார்?" என்று கேட்டதும், கூட்டம் சிரித்ததும். வட்ஸ்அப்பில் துண்டு வீடியோ பார்த்தவர்களுக்கு என்னைவிட விபரம் கூடத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

ஒரு சதமும் வாங்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனங்களுக்கு நிதி தேடிக் கொடுப்பதுதான் என் சம்பள வேலை. சனி, ஞாயிறில் அதையே ஊர்ச் சங்கங்களுக்குச் சும்மா செய்து கொடுக்கிறேன். மாதர் சங்கம், முன்பள்ளி, மாற்றுத்திறனாளிகள் அமைப்பு. வேலை செய்ய அவர்களுக்குத் தெரியும். அதைக் கொடையாளிக்கு விளங்குகிற மாதிரி எழுதத்தான் ஆள் இல்லை. "ஐம்பது பிளாஸ்டிக் கதிரை தேவை" என்று ஒரு வரிக் கடிதம் போட்டால் யார் காசு தருவார்? கதிரை வந்தால் ஊரில் என்ன மாறும் என்று கேட்பார்கள். ஓடிட் அறிக்கை எங்கே, பொதுக்கூட்டக் குறிப்பு எங்கே, வங்கிக் கணக்கில் எத்தனை பேர் கையெழுத்து என்பார்கள். ஒரு சங்கத்தின் கணக்குக் கொப்பியைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சிய ஒற்றைகளை வைத்துக்கொண்டு, பொருளாளர் அக்காவும் நானும் மூன்று ஞாயிறு அவர் வீட்டு விறாந்தையில் இருந்து கணக்கை ஒப்பேற்றினோம். எனக்குக் கிடைத்தது தேத்தண்ணியும் ஒரு சரை முறிகண்டிக் கச்சானும். பத்து வீதத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீதம் வாங்குவது எங்கள் தொழிலிலேயே பிழை. அசோசியேஷன் ஒவ் ஃபண்ட்றெய்சிங் புரொஃபெஷனல்ஸ் என்ற, நிதி திரட்டுகிறவர்களின் அமைப்பின் ஒழுக்கக்கோவையில் அதற்குத் தடை இருக்கிறது. சம்பளமோ கட்டணமோ வாங்கலாம், திரட்டிய காசில் பங்கு கேட்கக்கூடாது. பங்குக்கு எழுதுகிறவன் சங்கத்துக்கு எது தேவை என்று பார்க்கமாட்டான், எதற்குப் பெரிய தொகை வரும் என்றுதான் பார்ப்பான். நான் கட்டணமும் வாங்கவில்லை. ஒரு சதமும் இல்லை.

"எழுதிக் குடுத்துப் பழக்காமல் சொல்லிக் குடு" என்கிறார்கள். சரி, நியாயம்தான். சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் வெள்ளி இரவு முடிவுத் திகதி என்றிருக்க வியாழன் பின்னேரம் ஓடி வருகிறவர்களுக்குப் பயிற்சிப் பட்டறையா நடத்துவது?

"வெளிநாட்டுக் காசில் தங்கியிருக்க வைக்கிறாய்" என்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. 2008 செப்டெம்பரில் அரசு போகச் சொன்னதும் வெளிநாட்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளிக்கிட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு வந்தவர்களும் பெயர்ப்பலகையைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் போனார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட்டின் காசு ஒரே உத்தரவில் நின்றது. யார் போனாலும் ஊரை விட்டுப் போகாதது ஊர்ச் சங்கம்தான். அதற்கு ஒரு தாள் எழுதிக் கொடுப்பது குற்றமா? உதவி என்று ஒரு கேக்கைப் பத்துப் பேர் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களிடம் யாராவது வீதம் கேட்கிறீர்களா?

போர் முடிந்ததும் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் ஒரு மாஸ்டர் இருந்தார். தகரப் பெட்டியை மடியில் வைத்து, காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் கொடுக்கும் கடிதங்களை எழுதுவார். வரிசையில் நிற்பவர்களின் பெயரைக் கேட்கும்போதே அழுகை தொடங்கிவிடும். அவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருப்பார். என் அம்மாவும் அவரிடம் எழுதுவித்தார். காசு வாங்கமாட்டார். 'சும்மாவா எழுதுகிறார், போன் காட் வாங்குகிறாராம்' என்று முகாமுக்குள் கதை வந்தது. நானும் அதைச் சொல்லித் திரிந்தேன். எங்கே இருக்கிறாரோ தெரியாது.

கேட்டவர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது. சிரித்தவர்களில் அரைவாசிப் பேரின் கோப்புகள் என் லப்டொப்பில் கிடக்கின்றன. மூன்றாவது வரிசையில் இருந்த பொருளாளர் அக்கா சிரிக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. குனிந்து சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, கறையான் தின்ற கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆரையாவது அனுப்பி எடுப்பியுங்கோ. ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.