தையல் மெஷின் ஃபாரத்தில் மிஞ்சிய பெயர்

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ "சத்தியவாணி முத்து" என்று சொல்லிப் பாருங்கள். "தையல் மெஷின் ஸ்கீம்தானே?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தப்பில்லை. சமூக நலத்துறை நடத்தும் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு அவர் பெயர்தான். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வயது 20 முதல் 40. வருமான வரம்பு ஆண்டுக்கு 72 ஆயிரமாக இருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் ஆனது.

சிக்குவது எங்கே என்றால், தையல் தெரியும் என்பதற்கான சான்றிதழில். ஆறு மாதப் பயிற்சி, அதுவும் பதிவு பெற்ற நிறுவனத்தில். பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டு பத்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவருக்குக் கையில் தொழில் இருக்கும், காகிதம் இருக்காது. அடுத்த முட்டு, கைவிடப்பட்டவர் என்று தாசில்தாரிடம் வாங்க வேண்டிய சான்று. புருஷன் போய் எட்டு வருஷம் ஆகியிருக்கும். ரேஷன் கார்டில் அவர் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். விசாரணைக்கு வருகிறவர் அதைக் காட்டியே மனுவைத் திருப்பிவிடுவதுண்டு. இதற்கெல்லாம் அலைந்து முடிப்பதற்குள் 40 தாண்டிவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் இந்தப் பதிவு மெஷினைப் பற்றி அல்ல, அந்தப் பெயரைப் பற்றி. வடசென்னையின் தலித் தலைவர், பெரம்பூரிலிருந்து மூன்று முறை சட்டமன்றம் போனவர், அண்ணாவின் முதல் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண், பிறகு மத்திய அமைச்சர். இன்று தி.மு.க. கட்சிக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் "கழகத்தை விட்டுப் போனவங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் போனார் என்பதை அவர் கோபக்காரர், பதவி ஆசைக்காரர் என்று குணத்தில் தேடுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. அவர் நின்ற தொகுதியையும், கையில் கொடுத்த துறையையும் பிரித்துப் பார்த்தாலே காரணம் தெரியும்.

1923 பிப்ரவரியில் பிறந்தவர். 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கியபோதே கட்சியில் இருந்தவர். அதாவது, வடசென்னையில் பிறந்த கட்சியின் முதல் வரிசை ஆள். 1953-ல் ராஜாஜியின் கல்வித் திட்டம் வந்தது: தொடக்கப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம்தான் பாடம், மிச்ச நேரம் பிள்ளை அப்பனின் தொழிலைக் கற்க வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது தச்சோ நெசவோ. சேரிப் பிள்ளைக்கு என்ன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தெருவில் இறங்கியவர்களில் சத்தியவாணி முத்துவும் ஒருவர். கைதானார். அடுத்த வருஷம் காமராஜர் வந்து அந்தத் திட்டத்தையே ஊற்றி மூடினார்.

1957 தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்து ஓட்டுமுறை இன்று நிறையப் பேருக்குத் தெரியாது. பெரம்பூர் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே எல்லை, இரண்டு எம்.எல்.ஏ. அதில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு சீட்டு. முத்திரை குத்துகிற வழக்கமே அப்போது இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவர் சின்னம் ஒட்டியிருக்கும், மறைப்புக்குப் பின்னால் போய்ச் சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். பாசத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. ஆகவே பிரசாரத்தில் பாதி நேரம் வாக்காளருக்குப் பாடம் எடுப்பதிலேயே போகும்: ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

எண்ணும்போது தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களில் யார் அதிகம் என்று பார்த்து முதலில் அந்த இடத்தைக் கொடுப்பார்கள். பிறகு மிச்சம் உள்ள எல்லாரையும், தாழ்த்தப்பட்டவர்களையும் சேர்த்து, ஒரே வரிசையில் நிறுத்திப் பொது இடத்தை முடிவு செய்வார்கள். அதனால் இரண்டு இடமும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கே போகிற வாய்ப்பு இருந்தது. ஆந்திராவில் பார்வதிபுரத்தில் அதுதான் நடந்தது. பின்னால் குடியரசுத் தலைவரான வி.வி. கிரியே பொது இடத்தைப் பழங்குடி வேட்பாளரிடம் இழந்தார். உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றார். 1961-ல் இரட்டைத் தொகுதி முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். தனித்தொகுதி, பொதுத்தொகுதி என்று கோடு விழுந்தது. பொது இடத்தையும் தொட முடிகிற கதவு ஒன்று சத்தமில்லாமல் சாத்தப்பட்டது என்றே இதைப் பார்க்கிறேன்.

அந்த 1957-ல் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் கிடையாது. உதயசூரியன் கட்சியின் சின்னமானது 1958-ல்தான். அதனால் பெரம்பூரில் ஜெயித்த சத்தியவாணி முத்து தேர்தல் ஆணைய ஏட்டில் இன்றும் 'சுயேச்சை'. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

1962-ல் கட்சி 50 இடம் பிடித்தது. காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார், பெரம்பூரில் இவர் தோற்றார். 1967-ல் திரும்ப வென்று மந்திரி. அண்ணாவையும் சேர்த்து ஒன்பதே பேர் கொண்ட அமைச்சரவை அது. இவருக்கு அரிஜன நலம், செய்தி.

அரிஜன நலத்துறை என்றால் என்ன அதிகாரம்? விடுதி, பள்ளி, உதவித்தொகை, வீட்டுமனை. அவ்வளவுதான். கூலி தொழிலாளர் துறையில். நிலம் வருவாய்த் துறையில். அடித்தால் புகார் வாங்க வேண்டிய போலீஸ் உள்துறையில். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலிப் பிரச்சினை, நிலப் பிரச்சினை, போலீஸ் பிரச்சினை. மூன்றில் ஒன்றுகூட அந்தச் சமூகத்தின் பெயரால் இருந்த துறைக்குள் வராது. 'தலித் மந்திரி இருந்தும் நடந்ததே' என்று இன்று எழுதுகிறவர்கள் கோப்பு எந்த மேசைக்குப் போகும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு எழுதலாம்.

கையில் இருந்த வீட்டுமனை வேலையாவது லேசா? அதுவும் இல்லை. கிராமத்தில் சேரிக்கு மனை ஒதுக்கப் புறம்போக்கு இல்லையென்றால் பட்டா நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும். அப்போது இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1894 சட்டம். முதலில் நிலம் தேவை என்று 4(1) பிரிவின் கீழ் அறிவிப்பு. அடுத்து 5ஏ விசாரணை: நிலக்காரர் ஆட்சேபணை சொல்வார். பிறகு 6-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை. அதற்கும் பிறகு இழப்பீட்டுத் தீர்ப்பு. அறிவிப்பில் சர்வே எண் ஒன்று தப்பினாலும், ஆட்சேபணைக்காரருக்கு நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்றாலும், ஐகோர்ட்டில் தடை. இரண்டு ஏக்கருக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். இந்தத் தொல்லைக்காகவே அரிஜன நலத் திட்டங்களுக்கென்று தனி நில எடுப்புச் சட்டம், 1978-ன் 31-ஆம் சட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கலெக்டரே நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, எடுத்துக்கொள்ளலாம். அது வந்தபோது இவர் கோட்டையில் இல்லை, டெல்லியில் மாநிலங்களவையில் இருந்தார்.

அண்ணா 1969 பிப்ரவரியில் காலமானார். சத்தியவாணி முத்து கலைஞர் அமைச்சரவையிலும் தொடர்ந்தார், 1971-ல் மறுபடி பெரம்பூரில் ஜெயித்தார். 1974-ல் ராஜினாமா. அண்ணாவுக்குப் பிறகு தாழ்த்தப்பட்டோரைக் கட்சியும் ஆட்சியும் கைவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். வடசென்னைக்கு இது புதிதே இல்லை. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்து, நீதிக்கட்சி எங்களுக்கு நிற்கவில்லை என்று தலித் தலைவர் எம்.சி. ராஜா 1923-ல் அந்தக் கட்சியிலிருந்து வெளியே வந்தார். சத்தியவாணி முத்து பிறந்த வருஷம் அது. ஐம்பது வருஷம் கழித்து, அதே குறையோடு, இன்னொருவர்.

அவர் தொடங்கிய தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் ஏன் நிற்கவில்லை? முதல் அடி காலம். 1974-ல் கட்சி, 1975-ல் நெருக்கடி நிலை, 1976 ஜனவரி 31-ல் சட்டமன்றமே கலைப்பு. புதுக் கட்சி தன் பலத்தைக் காட்ட ஒரு தேர்தல் வேண்டும். அது 1977 வரை வரவில்லை. இரண்டாவது, சின்னம். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு ஆளுக்கொரு தொகுதியில் ஆளுக்கொரு சின்னம் விழும். பெரம்பூரில் வரைந்த சுவர் எழும்பூரில் உதவாது. மூன்றாவது, பூத். அவர் வெளியே வந்தபோது வட்டச் செயலாளர்களில் எத்தனை பேர் கூட வர முடியும்? துறைமுகம், ரயில் பெட்டிப் பட்டறை, மில் என்று எங்கே வேலை பார்த்தாலும் தொழிற்சங்கம் கட்சியோடு கட்டியிருந்தது. கொடியை மாற்றினால் பிழைப்பே ஆடும். பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும் என்ற கணக்கு வேறு.

சுயேச்சைச் சின்னத்தில் ஜெயிக்கவே முடியாதா என்றால், முடியும். 1957-ல் அவரே ஜெயித்தார். 2017 டிசம்பரில் பக்கத்து ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் 1957-ல் பின்னால் ஒரு முழுக் கட்சி இருந்தது, ஏட்டில் மட்டும்தான் சுயேச்சை. 2017-ல் ஒரே ஒரு தொகுதி, இடைத்தேர்தல், மொத்தப் படையையும் அங்கே இறக்கலாம். 1974-ல் வெளியே வந்தவருக்கு இரண்டுமே இல்லை.

கட்சியை அ.தி.மு.க.வில் இணைத்தார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை. 1979-ல் சரண் சிங் அரசில் இவரும் புதுச்சேரி எம்.பி. பாலா பழனூரும் மத்திய அமைச்சர்கள். திராவிடக் கட்சியிலிருந்து டெல்லி அமைச்சரவைக்குப் போன முதல் இருவர். பெருமையாகத்தான் எழுதுகிறார்கள். தேதியைப் பாருங்கள்: பதவியேற்றது ஆகஸ்ட் 19. மறுநாள், ஆகஸ்ட் 20, நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே பிரதமர் ராஜினாமா. மிச்ச நாளெல்லாம் காபந்து அரசு. புதுத் திட்டம் அறிவிக்க முடியாது, பட்ஜெட் போட முடியாது. வாழ்நாள் முழுக்க இந்த அம்மாவுக்கு நாற்காலி கிடைத்தது, மேசை கிடைக்கவில்லை.

1999 நவம்பரில் காலமானார். பெரம்பூர் 2006 தேர்தல் வரை தனித்தொகுதியாக இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் பொதுவாகி, தனி என்கிற அடைப்புக்குறி திரு.வி.க. நகருக்குப் போனது. பொதுத்தொகுதி ஆன பிறகு பெரிய கட்சிகள் அங்கே எத்தனை தலித் வேட்பாளரை நிறுத்தியிருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கூவம் கரையில், தீவுத்திடல் பக்கம், அவர் பெயரில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. மீன்பாடி வண்டி, மூட்டை தூக்குவது, வீட்டு வேலை என்று நடந்து போகிற தூரத்தில் பிழைப்பு. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று 2019 டிசம்பரில் இடிக்கத் தொடங்கி, சுமார் இரண்டாயிரம் குடும்பங்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வருஷத்தின் நடுவே. பெரும்பாக்கத்தில் அவர்களுடைய முகவரி ஒரு பிளாக் எண், ஒரு கதவு எண்.