கால் மைலுக்கு எவ்வளவு?

(கலிஃபோர்னியாவின் பொமோனா கண்காட்சித் திடல். கயிறு கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் சிவப்பு நிற 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (திறந்த மேற்பாகமுள்ள கார்). அதன் அடிப்பாகத்தின் பளபளப்பு தெரிவதற்காகத் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள்.)

மூதாட்டி: தம்பி, கால் மைலுக்கு இந்த வண்டிக்கு எவ்வளவு ஆகும்?

உரிமையாளர்: ட்ரெய்லர்காரர் மைல் கணக்குப் பார்ப்பதில்லை, அம்மா. வீட்டு வாசலிலிருந்து இந்தக் கயிறு வரைக்கும் மொத்தமாக 600 டாலர் வாங்கிக்கொண்டார்.

மூதாட்டி: நான் பணத்தைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்டேன்.

உரிமையாளர்: ஏற்றிக் கட்டுவதற்கு 2 மணி நேரம், இறக்கித் துடைப்பதற்கு 3 மணி நேரம்.

மூதாட்டி: பச்சை விளக்கு எரிந்ததும் புறப்பட்டு கால் மைலை, அதாவது 1,320 அடியைக் கடக்க எத்தனை விநாடி ஆகும் என்று கேட்கிறேன். நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேஸ் பந்தயப் பாதை இந்தத் திடலை ஒட்டித்தானே இருக்கிறது?

உரிமையாளர்: ஓட்டுவதா! சூடேறினால் புகைக்குழாயின் குரோம் பூச்சு நீலம் பாய்ந்துவிடும், அம்மா. ஒன்றரை லட்சம் டாலர் செலவழித்து ஒரு பாரம்பரியத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

மூதாட்டி: 1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் விற்றது. அந்த வண்டிகள் நாலு கை மாறிப் பழசான பிறகு, என் அப்பாவைப் போன்ற கையில் காசில்லாத பையன்கள் அவற்றை வாங்கி, எடை குறையட்டும் என்று மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மூரோக் வறண்ட ஏரியில் புழுதி பறக்க ஓட்டினார்கள். நீங்கள் எதற்காகக் கழற்றினீர்கள்?

உரிமையாளர்: நான் கழற்றவில்லை. இது புதிதாக அச்சில் அடித்த எஃகுக்கூடு. மட்கார்டு இல்லாமலேதான் பெட்டியில் வந்தது.

மூதாட்டி: அப்படியானால் எடை குறைந்ததில் ட்ரெய்லர்காரருக்குத்தான் லாபம்.

உரிமையாளர்: எனக்கும் வரலாறு தெரியும், அம்மா. தெருவில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த இளைஞர்களை முறையான ஓடுபாதைக்குக் கொண்டுவருவதற்காக 1951இல் வாலி பார்க்ஸ் என்எச்ஆர்ஏ என்ற டிராக் பந்தயச் சங்கத்தைத் தொடங்கினார். என் பனியனிலேயே அந்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

மூதாட்டி: அவர் பாடுபட்டுத் தெருவிலிருந்து ஓடுபாதைக்குக் கொண்டுவந்ததை நீங்கள் ஓடுபாதையிலிருந்து ட்ரெய்லரில் ஏற்றிவிட்டீர்கள்.

உரிமையாளர்: பந்தயம் என்ன விளையாட்டா? 1970இல் லயன்ஸ் டிராக் பாதையில் கியர்பெட்டி வெடித்ததில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியையே இழந்தார்.

மூதாட்டி: கால் மைலுக்காகக் காலையே கொடுத்த மனிதர் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லையே! எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாற்றி வைத்து ஒரு வண்டியைக் கட்டி, மறு ஆண்டே இதே பொமோனாவுக்கு வந்து ஜெயித்துக் காட்டினார். உங்களிடம் வெடிப்பதற்கு என்ன இருக்கிறது, பாலிஷ் டப்பாவா?

உரிமையாளர்: கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்கள், அம்மா. மூச்சுக்காற்று பட்டால் பெயிண்டில் ஆவி படிகிறது.

மூதாட்டி: டயரில் வார்ப்பின்போது முளைத்த ரப்பர் முடிகள்கூட உதிராமல் குச்சி குச்சியாக நிற்கின்றன. இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது?

உரிமையாளர்: ட்ரெய்லரில் போனதையும் சேர்த்தா?

மூதாட்டி: சேர்க்காமல்.

உரிமையாளர்: ஏறும்போது 20 அடி, இறங்கும்போது 20 அடி.

மூதாட்டி: அது கிடக்கட்டும். முன்சக்கரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு குழந்தை வெகுநேரமாக அழுதுகொண்டு நிற்கிறது, நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!

உரிமையாளர்: அது பொம்மை, அம்மா. இந்த மாதிரிக் கூட்டங்களில் அப்படிச் சாய்த்து வைப்பது வழக்கம்.

மூதாட்டி: எத்தனை ஆண்டுகளாக இங்கே நிற்க வைத்திருக்கிறீர்கள்?

உரிமையாளர்: ஆறு ஆண்டுகளாக.

மூதாட்டி: பிறகு அழாமல் என்ன செய்யும்? ஒரே ஒரு முறை பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

உரிமையாளர்: ட்ரெய்லர்காரர் ஆளை ஏற்ற மாட்டார், அம்மா.